மலை ஆய்வகத்தில் டிரான்ஸ்லேஷன் புரதங்கள் சரியாக வராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிக் கல்லூரி ஆய்வகங்களில் ஈ. கோலை பாக்டீரியா வழியாக டிரான்ஸ்லேஷன் காரணிகளையும் (மரபணுச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டும் வேலைக்கு உதவுபவை) ரைபோசோம் புரதங்களையும் (அந்த வேலையைச் செய்யும் ரைபோசோமின் உறுப்புகள்) தயாரிப்பவர்களுக்கான குறிப்பு இது. இங்கே பிழை இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று மலை: புரோட்டோகால் புத்தகங்களில் உள்ள வெப்பமும் அழுத்தமும் சமவெளிக்கு எழுதியவை. மற்றொன்று புரதம்: பாக்டீரியா தன் டிரான்ஸ்லேஷன் கருவிகளைத் தானே கட்டுப்படுத்தி, சிலவற்றை வெட்டி, சிலவற்றில் வேதிக்குழு சேர்த்துத்தான் பயன்படுத்துகிறது. முதலில் மலையைச் சந்தேகப்படுங்கள், செலவு குறைவு. குளோனை, அதாவது வேண்டிய மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தை, மாற்றுவது கடைசியில்.

அறிகுறி 1: ஆட்டோகிளேவ் செய்த மீடியாவிலும் கலங்கல் வருகிறது

ஐபிடிஜி (மரபணுவைத் தூண்டும் வேதிப்பொருள்), ஆன்டிபயாட்டிக் எதுவும் சேர்க்காத எல்பி மீடியா பாட்டிலை 37 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். கலங்கினால் பிழை ஆட்டோகிளேவில்தான்.

அழுத்தக் கேஜ் (சதுர அங்குலத்துக்கு) 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி என்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே 77 கிலோபாஸ்கல் அளவுதான். கேஜ் வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும் காட்டும் என்பதால், 15 பவுண்டில் உள்ளே இருப்பது ஏறக்குறைய 117 டிகிரி. கொடைக்கானலிலும் இதே நிலை, குன்னூரில் அரை டிகிரிக்குச் சற்று அதிகம் கிடைக்கும்.

எளிதான தீர்வு நேரத்தை நீட்டுவது. 121 டிகிரியில் 15 நிமிடம் செய்யும் வேலைக்கு 117-இல் ஏறத்தாழ 40 நிமிடம் வேண்டும். அடைத்து வைத்த பெரிய பாட்டில்களுக்கு இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், நீராவி ஒரே சீராக வெளியேறும்வரை வால்வைத் திறந்து வைத்து உள்ளே உள்ள காற்றை முழுவதும் விரட்டுங்கள். காற்று தங்கினால் கேஜ் சரியாகக் காட்டும், வெப்பம் ஏறாது. நேரம் நீளும்போது குளுக்கோஸ் கருகும். அதை 20 சதவீதக் கரைசலாகத் தனியே 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆறிய மீடியாவில் சேருங்கள்.

121 டிகிரியே வேண்டுமென்றால் ஊட்டியில் கேஜ் 18.5 பவுண்டு காட்ட வேண்டும். கலன் அதற்குச் சான்று பெற்றதா என்று பெயர்ப்பலகையில் பாருங்கள். சேஃப்டி வால்வின் எடையைக் கூட்டுவது, ஸ்பிரிங்கை முறுக்குவது இரண்டும் கூடவே கூடாது. 40 நிமிடத்துக்குப் பிறகும் ஸ்போர் ஸ்டிரிப் (வெப்பம் தாங்கும் பாக்டீரிய வித்துகள் உள்ள சோதனைப் பட்டை) வளர்ந்தால் கேஸ்கெட்டோ கேஜோ பழுது. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள், அதுவரை கலனை ஓட்ட வேண்டாம்.

அறிகுறி 2: கல்ச்சர் மெதுவாக ஏறுகிறது

37 டிகிரியில் நல்ல எல்பியில் ஈ. கோலை 20 முதல் 30 நிமிடத்தில் இரட்டிக்கும். ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

மீடியா குளிர் அறையிலிருந்து நேராக வந்ததா? மார்கழி, தை மாதங்களில் மேசைமேல் இருக்கும் பாட்டில்கூட 12, 13 டிகிரியில் இருக்கும். ஒரு லிட்டர் சூடாகவே முக்கால் மணி நேரம் போய்விடும். முந்தைய இரவே 37-இல் வையுங்கள்.

ஷேக்கர் காட்டும் எண்ணை நம்பாமல், நீர் நிரப்பிய பிளாஸ்கில் தெர்மாமீட்டர் வைத்து ஒரு மணி நேரம் சுற்றவிட்டுப் பாருங்கள். மூடி சரியாக அடையாத ஷேக்கரில் காட்சிப்பலகை 37 என்றும் பிளாஸ்க் 32 என்றும் இருப்பது குளிர்காலத்தில் வழக்கம்.

அடுத்தது ஆக்சிஜன். ஊட்டிக் காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஓ.டி. (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.5 வரை வேறுபாடு தெரியாது, அதற்கு மேல் தெரியும். ஒரு லிட்டர் பிளாஸ்கில் 200 மி.லி.க்கு மேல் ஊற்றாதீர்கள், பெரிய கல்ச்சருக்கு 150 போதும். சுழற்சி நிமிடத்துக்கு 200. பஞ்சு அடைப்பு மூடுபனியில் நனைந்திருந்தால் காற்று போகாது, மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரி, தூண்டாத (ஐபிடிஜி சேர்க்காத) கல்ச்சரே திணறுகிறது என்றால் குளோன் கசிகிறது, அதாவது தூண்டாமலே புரதம் உருவாகிறது. அறிகுறி 4-க்குப் போங்கள்.

அறிகுறி 3: தூண்டிய பிறகு பேண்ட் தெரியவில்லை, வளர்ச்சி மட்டும் நன்றாக இருக்கிறது

*3அ. ஜெல்லே சரியில்லை*

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாக, அதாவது பேண்டாக, தெரியும். குளோனைக் குறை சொல்லுமுன் இதை முடித்துவிடுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 95 டிகிரியில் 5 நிமிடம் என்ற வழிமுறை நீர்க்குளியலில் நடக்காது. உலர் பிளாக்கில் 95 வைத்தால் மாதிரி கொதித்து டியூப் மூடி தெறிக்கும். 90 டிகிரியில் 10 நிமிடம், மூடிக்குப் பூட்டுக் கிளிப். டிரான்ஸ்லேஷன் காரணிகள் அதில் நன்றாகவே விரியும்.

குளிரில் 10 சதவீத எஸ்டிஎஸ் (புரதத்தை விரிக்கும் டிடர்ஜென்ட்) வெள்ளையாக உறைந்து அடியில் தங்கும். மேலிருந்து எடுத்தால் எஸ்டிஎஸ் இல்லாத பஃபர்தான் வரும். 37 டிகிரியில் வைத்து முழுவதும் தெளிந்த பிறகு எடுங்கள். அக்ரிலமைடு 15 டிகிரியில் உறைய நேரம் ஆகும். அமோனியம் பெர்சல்ஃபேட்டை அன்றே புதிதாகக் கரைத்து, வார்ப்புச் சட்டத்தை 25 முதல் 30 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். உறையாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு, கையுறை கட்டாயம்.

ரைபோசோம் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. நம் பஃபர்களில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொட்டாசியமும் எஸ்டிஎஸ்ஸும் சேர்ந்தால் வெள்ளை வீழ்படிவு விழும், கிணற்றிலேயே மாதிரி தங்கும். மாதிரியைச் சோடியம் குளோரைடு பஃபருக்கு மாற்றுங்கள், அல்லது அசிட்டோனில் வீழ்த்தி மறுபடி கரையுங்கள்.

*3ஆ. பேண்ட் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை*

ஐஎஃப்-1 (டிரான்ஸ்லேஷன் தொடக்கக் காரணி) வெறும் 72 அமினோ அமிலம், 8 கிலோடால்டன் சொச்சம். 12 சதவீத ஜெல்லில் சாயத்தோடு ஓடி வெளியே போய்விடும். 16 சதவீத டிரைசின் ஜெல் போடுங்கள்.

இஎஃப்-டியூ (புரதச் சங்கிலியை நீட்டும் காரணி) இதற்கு நேர்மாறு. அது ஈ. கோலையில் மிக அதிகமாக இருக்கும் புரதம், தூண்டாத லேனிலும் 43 கிலோடால்டனில் தடித்த பேண்ட் இருக்கும். கூடியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும்படி புரதத்தோடு சேர்த்த ஹிஸ்டிடின் வால்) ஆன்டிபாடியில் பாருங்கள், அல்லது 50 மைக்ரோலிட்டர் நிக்கல் ரெசினில் சிறு அளவில் பிடித்துப் பாருங்கள்.

*3இ. உண்மையிலேயே புரதம் இல்லை*

ஆம்பிசிலின் பிளேட் மாதக்கணக்கில் பழையதா? செல்கள் பிளாஸ்மிடை இழந்திருக்கலாம். தூண்டுமுன் எடுத்த கல்ச்சரை நீர்த்து, ஆன்டிபயாட்டிக் உள்ள பிளேட்டிலும் இல்லாததிலும் பரப்பிக் காலனிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் விடை அதுதான். டி7 புரமோட்டர் என்றால் செல் டிஇ3 வகையா (டி7 பாலிமரேஸ் உள்ளதா) என்று பாருங்கள், குளோனிங் செல்லிலேயே தூண்டிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் பிழை. ஐபிடிஜி புதியதா, ஓ.டி. 0.5 முதல் 0.6-க்குள் 0.5 மில்லிமோலார் சேர்த்தீர்களா?

இவை சரி என்றால் மரபணுவைப் பாருங்கள். ஜீனோமிலிருந்து அப்படியே எடுத்த டிரான்ஸ்லேஷன் மரபணுக்களில் இரண்டு பொறிகள் உண்டு.

ஐஎஃப்-3 மரபணு வழக்கமான ஏயுஜி-யில் தொடங்குவதில்லை, ஏயுயு என்ற அரிய கோடானில் (மூன்றெழுத்துக் குறியில்) தொடங்குகிறது. அத்தகைய தொடக்கங்களை ஒதுக்குவது ஐஎஃப்-3-இன் வேலைகளில் ஒன்று. ஆகவே அதன் அளவு கூடக் கூடத் தன் சொந்த உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். இயற்கைத் தொடக்கத்தோடு குளோன் செய்தால் எவ்வளவு தூண்டினாலும் பேண்ட் மெலிந்தே இருக்கும். பிரைமரில் அதை ஏடிஜி (ஏயுஜி-யின் டிஎன்ஏ வடிவம்) ஆக்கினால் தீர்ந்தது.

ஆர்எஃப்-2 (முடிந்த சங்கிலியை விடுவிக்கும் காரணி) மரபணுவின் 26-ஆம் கோடான் யுஜிஏ, அதாவது நிறுத்தக் குறி. ரைபோசோம் அங்கே ஓர் எழுத்து முன்னே தாவினால்தான் முழுப்புரதம் வரும். யுஜிஏ-வைப் படித்து நிறுத்துவது ஆர்எஃப்-2-தான் என்பதால், அது ஏராளமாக இருக்கும்போது 25 அமினோ அமிலத்திலேயே சங்கிலி அறுந்துவிடும். அந்தத் துண்டு ஜெல்லில் தெரியாது. நிறுத்தக் குறியின் தைமினை மட்டும் நீக்கிச் சட்டகத்தை நேராக்கிய குளோன் வேண்டும். சீக்வென்சிங் முடிவில் அந்த ஓர் எழுத்து இல்லாததைக் கண்டு பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

மைக்கோபாக்டீரியம் போன்ற வேறு பாக்டீரியாவின் மரபணு என்றால் அரிய கோடான்களைப் படிக்கும் கூடுதல் டிஆர்என்ஏ உள்ள செல்லுக்கு மாறுங்கள். பிறகும் இல்லையென்றால் முழு இன்சர்ட்டையும் சீக்வென்சிங் அனுப்புங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் பாதையோ வத்தலக்குண்டு பாதையோ மண்சரிவில் அடைபட்டால் பனிக்கட்டிப் பெட்டி வழியில் உருகிவிடும். பிளாஸ்மிடை எத்தனாலில் வீழ்த்தி, உலர்த்திய பெல்லட்டாக அனுப்பினால் ஒரு வாரம் தாமதமானாலும் கெடாது.

அறிகுறி 4: தூண்டியதும் செல்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன

ரைபோசோம் புரதமா? அப்படியானால் இது எதிர்பார்க்க வேண்டியதே. எல்-1, எல்-4, எஸ்-4, எஸ்-7, எஸ்-8 ஆகிய ரைபோசோம் புரதங்கள் ரைபோசோம் ஆர்என்ஏ-வில் இடம் கிடைக்காமல் மிஞ்சும்போது, தங்கள் ஓப்பரானின் (ஒன்றாகப் படிக்கப்படும் மரபணுத் தொகுப்பின்) எம்ஆர்என்ஏ-வைப் பிடித்து உற்பத்தியை அடக்கும். எஸ்-8-ஐ மிகையாக்கினால் அதே ஓப்பரானின் மற்ற புரதங்களும் அடங்கும், புதிய ரைபோசோம் உருவாவது நிற்கும். எஸ்-7 இருக்கும் ஓப்பரானில் இஎஃப்-ஜி-யும் உள்ளது.

ஆகவே தூண்டுமுன் கசிவை அடைப்பதும், தூண்டிய பின் சீக்கிரம் அறுவடை செய்வதும்தான் வழி. பிளேட்டிலும் முன்கல்ச்சரிலும் 1 சதவீத குளுக்கோஸ் சேருங்கள், கசியும் டி7 பாலிமரேஸை அடக்கும் டி7 லைசோசைம் உள்ள செல்லைப் பயன்படுத்துங்கள். ஓ.டி. 0.8 வரை வளர்த்த பிறகு தூண்டி, 2 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் பிளாஸ்மிடை இழந்த செல்கள்தான் பெருகும். ஃபிரீசரில் வைத்த கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து தொடங்காமல், ஒவ்வொரு முறையும் புதிதாக டிரான்ஸ்ஃபார்ம் செய்யுங்கள்.

அறிகுறி 5: புரதம் முழுவதும் பெல்லட்டில்

1 மி.லி. கல்ச்சரைச் சோனிகேட் செய்து, 15,000 ஜி-யில் 15 நிமிடம் சுற்றி, பெல்லட்டையும் மேல்நீரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள்.

முதல் மருந்து குளிர், அது மலையில் இலவசம். சமவெளியில் 18 டிகிரி ஷேக்கருக்குக் குளிரூட்டி வேண்டும். இங்கே சாதாரண ஷேக்கரே ஆண்டின் பெரும்பகுதி 18 முதல் 20-இல் நிற்கும். 37-இல் வளர்த்து, பிளாஸ்கைப் பத்து நிமிடம் பனிநீரில் குளிர்வித்து, 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி போட்டு இரவு விடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் உப்பைப் பாருங்கள். ஐஎஃப்-3-ம் பெரும்பாலான ரைபோசோம் புரதங்களும் காரத்தன்மை கொண்டவை. உப்புக் குறைந்தால் ஆர்என்ஏ-வோடு ஒட்டிக்கொண்டு விழும். லைசிஸ் பஃபரில் 1 மோலார் அமோனியம் குளோரைடு அல்லது சோடியம் குளோரைடு வையுங்கள், டயாலிசிஸிலும் 0.3 மோலாருக்குக் கீழே போகாதீர்கள். இன்னும் கரையாத ரைபோசோம் புரதத்தை 6 மோலார் யூரியாவில் எடுத்து, உப்பைக் குறைக்காமல் யூரியாவை மட்டும் படிப்படியாகக் குறையுங்கள்.

ஆர்என்ஏ ஒட்டியிருக்கிறதா என்று 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலின் விகிதம் (260/280) சொல்லும். சுத்தமான புரதம் 0.6 அளவில் நிற்கும், 1-ஐத் தாண்டினால் நியூக்ளிக் அமிலம் இருக்கிறது. இஎஃப்-டியூ மட்டும் விலக்கு. அது ஜிடிபி என்ற நியூக்ளியோடைடைப் பிடித்திருப்பதால் சுத்தமாக இருந்தாலும் விகிதம் கூடியே வரும். அதை ஆர்என்ஏ என்று எண்ணி உப்பால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டாம்.

அறிகுறி 6: ஒரு பேண்டுக்குப் பதில் இரண்டு, மூன்று. அல்லது அளவு தவறு

ஐஎஃப்-2 என்றால் பதற்றம் வேண்டாம். ஒரே எம்ஆர்என்ஏ-வின் உள்ளே வேறு தொடக்க இடங்களும் இருப்பதால், 97 கிலோடால்டன் முழுவடிவத்தோடு 80-ஐ ஒட்டிய சிறு வடிவங்களும் இயல்பாக வரும். சிதைவு இல்லை. ஹிஸ்-டேக் முன்முனையில் இருந்தால் நீண்டது மட்டும் கிடைக்கும், பின்முனையில் இருந்தால் எல்லாம் சேர்ந்து வரும். டேக் இடம் மாற்றுவதே மலிவான தீர்வு.

இஎஃப்-டியூ-வோடு 30 கிலோடால்டனில் ஒரு துணை பேண்ட் வந்தால் அது இஎஃப்-டிஎஸ், அதன் இயல்பான கூட்டாளி. கழுவும் பஃபரில் ஜிடிபி சேர்த்தால் பெரும்பாலும் விலகும்.

மற்றவற்றில் சிறு பேண்டுகள் ஏணிபோல் வந்தால் காரணம் புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி). அதைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் நீரில் விரைவில் கெடும், சோனிகேஷனுக்குச் சற்று முன்பு 1 மில்லிமோலார், முடிந்தபின் மறுபடியும். இடிடிஏ கலந்த இன்ஹிபிட்டர் மாத்திரை வேண்டாம், நிக்கலை உரித்துவிடும்.

ஸ்டேஃபிலோகாக்கஸின் எல்-27-ஐ ஈ. கோலையில் தயாரித்தால் ஏறத்தாழ 1 கிலோடால்டன் பெரிதாக வரும். அந்தப் பாக்டீரியாவில் எல்-27 முன்முனையில் 9 அமினோ அமில வாலோடு பிறக்கிறது, பிஆர்பி என்ற புரோட்டியேஸ் அதை வெட்டிய பிறகே ரைபோசோமில் சரியாக உட்காரும். ஈ. கோலையின் எல்-27-க்கு வால் இல்லை, வெட்டும் புரோட்டியேஸும் அங்கே இல்லை. பிஆர்பி-யையும் சேர்த்து வெளிப்படுத்துங்கள், அல்லது வாலை நீக்கி மெத்தியோனினோடு தொடங்கும் குளோன் செய்யுங்கள். வெட்டாத எல்-27-ஐ வைத்து ரைபோசோம் சேர்க்கையை மதிப்பிட்டால் முடிவு பயன்படாது.

அறிகுறி 7: புரதம் சுத்தம், ஆனால் வேலை செய்யவில்லை

வாரங்களை விழுங்கும் அறிகுறி இதுதான். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

இமிடசோலும் (நிக்கலிலிருந்து புரதத்தை இறக்கப் பயன்படுத்தியது) உப்பும் மிஞ்சியிருக்கின்றனவா? 250 மில்லிமோலார் இமிடசோலில் இறக்கிய புரதத்தை அப்படியே செயல்சோதனையில் ஊற்றக் கூடாது. மெக்னீசியம் இருக்கிறதா? இஎஃப்-டியூ-வுக்குச் சுத்திகரிப்பு முழுவதும் 10 மில்லிமோலார் மெக்னீசியமும் 10 மைக்ரோமோலார் ஜிடிபி-யும் வேண்டும். நியூக்ளியோடைடை இழந்த இஎஃப்-டியூ நிலையற்றது, ஒருமுறை கெட்டால் மீட்க முடியாது, புதிதாகத் தயாரிப்பதுதான் வழி. ஆடி மாதக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வந்து ஃபிரீசர் உருகி உறைந்ததா? 50 சதவீத கிளிசராலில் மைனஸ் 20-இல் வைத்தால் உறையாமலேயே இருக்கும், மின்தடையைத் தாங்கும். நீண்ட காலத்துக்கு 20 மைக்ரோலிட்டர் பங்குகளாக மைனஸ் 80.

மைக்ரோபிப்பெட்டையும் பாருங்கள். சமவெளியில் காலிபரேட் செய்த காற்றிடைப் பிப்பெட் இங்கே சற்றுக் குறைவாக விடும், சிறு அளவுகளில் அது பெரிதாகத் தெரியும். உங்கள் மேசையிலேயே தராசில் நீரை எடை போட்டுச் சரிசெய்யுங்கள்.

இவை கடந்தால், செல்லுக்குள் முடிய வேண்டிய வேலை முடியாமல் வந்திருக்கிறது என்று பொருள். மிகை உற்பத்தியின்போது புரதம் ஆயிரக்கணக்கில் குவியும், அதைப் பதப்படுத்தும் நொதிகளோ பழைய அளவிலேயே இருக்கும்.

*ஆர்எஃப்-1, ஆர்எஃப்-2:* ஜிஜிக்யூ (கிளைசின்-கிளைசின்-குளுட்டமின்) பகுதியின் குளுட்டமினில் பிஆர்எம்சி என்ற நொதி ஒரு மெத்தில் சேர்க்க வேண்டும். மிகையாக்கும்போது பெரும்பகுதி மெத்தில் இல்லாமல் வரும். கே-12 வகை ஈ. கோலையின் ஆர்எஃப்-2-இல் 246-ஆம் இடத்தில் திரியோனின் உள்ளது, அதற்கு மெத்தில் இல்லாத குறை கடுமையாக உறைக்கும். பி வகையில் அங்கே அலனின். பிஆர்எம்சி-யை இரண்டாம் பிளாஸ்மிடில் சேர்த்து வெளிப்படுத்துவதே முழுத் தீர்வு.

*இஎஃப்-பி:* 34-ஆம் லைசினில் பீட்டா-லைசின் ஏறினால்தான் அடுத்தடுத்த புரோலின்களில் நின்றுபோன ரைபோசோமை நன்றாக விடுவிக்கும். இபிஎம்ஏ, இபிஎம்பி இரண்டையும் கூடவே வெளிப்படுத்துங்கள். அதன்பின் இபிஎம்சி சேர்க்கும் ஹைட்ராக்சில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், அதற்காக மூன்றாம் மரபணுவைத் தேடி அலைய வேண்டாம்.

*முன்முனை:* பாக்டீரியப் புரதம் ஃபார்மைல்-மெத்தியோனினில் தொடங்கும். முதலில் டிஃபார்மைலேஸ் ஃபார்மைலை எடுக்கும். இரண்டாம் அமினோ அமிலம் கிளைசின், அலனின், செரின், திரியோனின், சிஸ்டீன், புரோலின், வேலின் போன்று சிறியதாக இருந்தால் அமினோபெப்டிடேஸ் மெத்தியோனினையும் எடுக்கும். மிகை உற்பத்தியில் இரண்டும் பின்தங்கலாம். முன்முனை செயலுக்கு முக்கியமான புரதத்தில் டேக்கைப் பின்முனைக்கு மாற்றி, 25 டிகிரியில் மெதுவாகத் தயாரியுங்கள்.

இதற்கு மேல் ஜெல்லால் பதில் சொல்ல முடியாது, முழுப்புரத மாஸ் ஸ்பெக் (புரதத்தின் எடையைத் துல்லியமாக அளக்கும் சோதனை) வேண்டும். கோவை, சென்னை, பெங்களூர் ஆய்வு மையங்களில் கட்டணச் சேவை தேடுங்கள். 50 மைக்ரோகிராம் புரதத்தைக் கிளிசராலும் டிடர்ஜென்ட்டும் இல்லாத அமோனியம் பைகார்பனேட் பஃபருக்கு மாற்றி அனுப்புங்கள். மரபணுவிலிருந்து கணக்கிட்ட எடையையும் எழுதிக் கொடுங்கள். முடிவில் 14 டால்டன் கூடுதல் என்றால் ஒரு மெத்தில், 28 என்றால் ஃபார்மைல் எடுபடவில்லை, மெத்தியோனினைக் கழித்துக் கணக்கிட்ட எடையைவிட 131 என்றால் மெத்தியோனின் தங்கியிருக்கிறது, 159 என்றால் இரண்டும். இஎஃப்-பி-யில் 128 என்றால் பீட்டா-லைசின் ஏறியிருக்கிறது, 144 என்றால் ஹைட்ராக்சிலும் சேர்ந்திருக்கிறது. ஆர்எஃப்-2-இல் 14 உள்ள உச்சியும் இல்லாத உச்சியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், அவற்றின் உயர விகிதத்திலிருந்து எத்தனை பங்கு மெத்தில் ஏறியது என்று மதிப்பிட்டு, பிஆர்எம்சி பிளாஸ்மிடைச் சேர்ப்பதா, ஐபிடிஜி-யைக் குறைத்தாலே போதுமா என்று முடிவு செய்யலாம்.